பத்து நிமிஷப் படிப்பு

(எங்கள் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"இந்தக் காலத்துக் குழந்தைகள் புத்தகத்தையே தொடுவதில்லை" என்று நாம் எல்லோரும் அங்கலாய்க்கிறோம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். போன வருஷம் என் பேரன், "தாத்தா, நீ கடைசியாக முழுசாகப் படித்த புத்தகம் எது?" என்று கேட்டுவிட்டான். பதில் சொல்ல முடியவில்லை. என் மனைவி காலமான பிறகு நான் புத்தக அலமாரியைத் திறக்கவே இல்லை. செல்போனும் கையுமாகவே பொழுது போயிற்று. ஒரு பக்கம் படிப்பதற்குள் மனசு எங்கோ ஓடிவிடும். குறை குழந்தையிடம் மட்டும் இல்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

இது புதிய வியாதியும் அல்ல. பஞ்சதந்திரம் பிறந்த கதை உங்களுக்குத் தெரியும். ராஜகுமாரர்கள் மூவருக்கும் படிப்பு ஏறவில்லை. விஷ்ணுசர்மா அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. நீதி சாஸ்திரத்தைச் சின்னச் சின்னக் கதைகளாக்கினார். ஒரு கதைக்குள் இன்னொன்றை வைத்து, "அது எப்படி?" என்று அவர்களையே கேட்க வைத்தார்.

நான் விஞ்ஞானம் படித்தவன். ஆகவே ஒரு பரிசோதனை செய்தேன். ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் இருவரும் பத்தே நிமிஷம் படிப்பது, செல்போன்கள் அடுத்த அறையில்.

முதல் முயற்சி தோல்வி. பொன்னியின் செல்வனை எடுத்தேன். ஐந்து பாகம் என்றதும் பையன் மிரண்டுவிட்டான். 1950-ல் தொடங்கி வாரா வாரம் தொடர்கதையாக வந்ததை நான் மூட்டையாகத் தூக்கி வைத்தது என் தவறு.

பிறகு, ஒரே மூச்சில் முடிகிற கதைகளாகத் தேடினேன். ஆர்.கே. நாராயணின் 'மால்குடி டேஸ்' தொகுப்பை இங்கிலீஷில் அவனே படித்தான். தமிழ் அவனுக்குப் பேச வரும், சரளமாகப் படிக்க வராது. அதனால் தேவனின் 'துப்பறியும் சாம்பு'வை நான் உரக்கப் படித்தேன். சுஜாதாவின் 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' அடுத்தது. பத்து நிமிஷம் ஆனதும், சாம்பு திருதிருவென்று விழிக்கிற இடமாக இருந்தாலும் சரி, மூடிவிடுவேன். ஒரு நாள் காலையில் பார்த்தால், பையன் சாம்புவை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தான். ஒரு பாராவைத் தாண்டவில்லைதான். ஆனால் நான் சொல்லி அவன் செய்யவில்லை.

பெரியவர்களுக்கும் இதே வைத்தியம்தான். உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது, அத்தியாயங்கள் சிறியவை. தினம் ஒன்றாக நான் இப்போது படித்து வருகிறேன். பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளுக்கு, ரிச்சர்ட் ஃபைன்மன் 1985-ல் வெளியிட்ட 'ஷ்யூர்லி யூ ஆர் ஜோக்கிங், மிஸ்டர் ஃபைன்மன்' புத்தகத்தைக் கொடுங்கள். எல்லாம் தனித்தனிச் சம்பவங்கள்; எங்கே வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம்.

அனுபவத்தில் கண்ட இரண்டு விஷயங்கள். பத்துப் பக்கத்தில் பிடிக்கவில்லையென்றால் கீழே வைத்துவிட விடுங்கள், அது பாவமில்லை. படித்து முடித்ததும், "என்ன தெரிந்துகொண்டாய்?" என்று பரீட்சை வைக்காதீர்கள்.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு சின்னப் புத்தகம் கொண்டு வாருங்கள், மாற்றிக்கொள்வோம். ஆனால் ஒரு வேண்டுகோள். குழந்தையிடம் கொடுப்பதற்கு முன்னால் நீங்கள் முதலில் படியுங்கள்.