வணிகப் போட்டியும் நம் பிள்ளைகளும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

பாட்டும் நாடகமும் காத்திருக்கும் இம்மாலையில் வணிகத்தைப் பற்றிப் பேச வந்தது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும், நம் கோவண்டிப் பிள்ளைகள் நால்வர் சென்ற ஆண்டு கலந்துகொண்ட ஒரு போட்டியைப் பற்றிச் சொல்லாமல் இவ்விழாவை முடிப்பது தகாது. அப்போட்டியில் அவர்கள் தோற்றனர். அத்தோல்விக்கு நிர்வாகக் குழுவினராகிய நாங்களும் ஒரு காரணம்.

இதனைக் கல்லூரிகளில் 'கேஸ் போட்டி' என்பர். ஒரு நிறுவனத்துக்கு நேர்ந்த சிக்கலைப் பத்து இருபது பக்கங்களில் எழுதிக் கொடுப்பர். மூவரோ நால்வரோ குழுவாக அமர்ந்து, குறித்த காலத்துக்குள் அதற்கொரு வழி கண்டு, நடுவர்முன் எடுத்துரைக்க வேண்டும். பின்னர் நடுவர் குறுக்குக் கேள்வி கேட்பர். இதுதான் சரியான விடை என்று ஒன்று இல்லை. சொல்லும் வழிக்குக் காரணமும் கணக்கும் காட்ட வேண்டும்.

இம்முறை வளர்ந்த இடம் அமெரிக்காவிலுள்ள ஹார்வர்டு வணிகப் பள்ளி. 1908-இல் தோன்றிய அப்பள்ளி, சட்டக் கல்லூரியில் வழக்குகளைக் கொண்டே சட்டம் கற்பித்த முறையைப் பின்பற்றி, 1920-களில் வணிக நிகழ்ச்சிகளைப் பாடமாக்கியது. 1961-இல் அகமதாபாத்தில் அமைந்த இந்திய மேலாண்மைக் கழகம், ஹார்வர்டின் துணையோடு இம்முறையை நம் நாட்டில் வேரூன்றச் செய்தது.

இதெல்லாம் பெரிய இடத்துச் செய்தி, நமக்கென்ன என்று எண்ண வேண்டா. மின்சார ரயிலில் தலைச்சுமையோடு ஏறும் டப்பாவாலாக்களை நாம் அறிவோம். 2010-இல் ஹார்வர்டு பள்ளி அவர்களைப் பற்றியே ஒரு பாடம் எழுதிற்று. அந்நாளில் ஏறத்தாழ ஐயாயிரம் பேர், டப்பா மூடியில் நிறத்தாலும் எழுத்தாலும் இட்ட குறிகளை மட்டும் நம்பி, இரண்டு லட்சம் அளவிலான சாப்பாட்டை நாள்தோறும் உரியவரிடம் சேர்த்தனர். அவர்களுள் பெரும்பாலோர் மிகுதியாகப் படித்தவர் அல்லர். உலகின் புகழ்பெற்ற பள்ளி ஒன்று அவர்களிடம் பாடம் கற்றது.

இனி, நம் பிள்ளைகளின் கதைக்கு வருவோம். போட்டியில் அவர்களுக்குக் கிடைத்த பொருள் இட்லி மாவு. பொட்டல மாவு விற்கும் ஒரு நிறுவனம், தாராவி போன்ற நெருக்கமான பகுதிகளின் சிறு கடைகளில் அதனை விற்க விரும்புகிறது. எவ்வாறு விற்பது என்பதே கேள்வி. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நம் சங்க அறையில் அமர்ந்து திட்டமிட்டனர். மூவர் ஆங்கிலத்தில் வெள்ளமெனப் பேசினர். நாங்கள் தேநீர் வாங்கிக் கொடுத்து, அம்மூவரையே பாராட்டினோம். நான்காமவன் ஓரத்தில் அமர்ந்து படங்களுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தான். அவனுடைய தாயார் விடியற்காலையில் சந்து சந்தாக இட்லி விற்பவர்.

போட்டியன்று நடுவர் ஒருவர் கேட்டார்: "இரவில் கடைக்காரர் குளிர்பெட்டியை நிறுத்திவிட்டால் உங்கள் மாவு என்னாகும்?" மூவரும் ஒருவரையொருவர் பார்த்தனர். நான்காமவன் வாய் திறக்கவில்லை.

திரும்பும் வழியில், ரயிலில்தான் அவன் சொன்னான்: "மாமா, எங்கள் சந்தில் கடை அடைக்கும்போது பெட்டியையும் அணைத்துவிடுவார்கள். மே மாதத்தில் விடிவதற்குள் மாவு புளித்துப் பொட்டலம் உப்பிவிடும். நாட்கூலிக்காரர்கள் ஒரு கிலோ பொட்டலம் வாங்கவும் மாட்டார்கள்; அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கே வாங்குவார்கள். மாலையில் சிறு பொட்டலமாகக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் விற்கும்."

"இதை ஏன் முன்பே சொல்லவில்லை?" என்றோம். "என் ஆங்கிலம் பிழையானால் எல்லாருக்கும் அவமானம் என்று பயந்தேன். என்னை யாரும் கேட்கவும் இல்லை" என்றான்.

அன்பர்களே, அந்தச் சொல் எங்களைச் சுட்டது. பெரியவர் நடுவே பேசாதே என்று பிள்ளைகளை அடக்கி வளர்ப்பவர் நாம். ஆங்கிலம் பேசுவோனே அறிவாளி என்று கைதட்டுபவரும் நாமே. வள்ளுவப் பெருந்தகை 'அவையஞ்சாமை' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். நாமோ நம் பிள்ளைக்கு அவையைக் கண்டு அஞ்சவே கற்றுக் கொடுத்தோம். நம் நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில், தேவ்நாரில், டாட்டா சமூக அறிவியல் கழகம் இருக்கிறது. எங்கெங்கிருந்தோ மாணவர் அங்கு வந்து இப்பகுதி மக்களின் வாழ்வை ஆராய்கின்றனர். இங்கேயே பிறந்த பிள்ளை தான் அறிந்ததைச் சொல்ல அஞ்சுவது முறையா?

2014-இல் 'ஹல்ட் பரிசு' என்னும் உலக மாணவர் போட்டியின் பொருள், நகரக் குடிசைப் பகுதிகளில் நீரிழிவு போன்ற நெடுநோய்களை எதிர்கொள்ளும் வழி. ஐதராபாத்திலுள்ள இந்திய வணிகப் பள்ளியின் ஐவர் குழு வென்று, பத்து லட்சம் டாலர் பெற்றது. 'நேனோஹெல்த்' என்ற அவர்களது திட்டத்தின் உயிர்நாடி யாது? அப்பகுதியிலேயே சுகாதாரப் பணியாளரைப் பயிற்றுவித்து, சோதனைக் கருவிகள் அடங்கிய பையுடன் வீடுதோறும் அனுப்புவது. இடம் அறிந்தவரை முன்னிறுத்தியதால் அத்திட்டம் சிறந்தது.

ஆகவே, சங்க அறையில் பயிலும் குழுக்களுக்கு மூன்று வழக்கங்களை வேண்டுகிறோம். முதலாவது, சிக்கலை நேரில் கண்டவர் முதலில் பேசட்டும், தமிழிலேயே பேசட்டும். இரண்டாவது, ஆங்கிலம் வல்லவர் அதனை மொழிபெயர்த்துக் கொடுக்கட்டும். ஆனால் அக்கேள்வி வரும்போது அறிந்தவரே எழுந்து விடை கூறட்டும். மூன்றாவது பெற்றோருக்கு: பிள்ளை வீடு திரும்பியதும் "பரிசு கிடைத்ததா?" என்று கேளாதீர்கள், "நீ என்ன சொன்னாய்?" என்று கேளுங்கள்.

அந்நால்வரும் இவ்வாண்டும் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கின்றனர். வெல்வார்களா என்பது நடுவர் கையில். ஆனால் சென்ற ஞாயிறன்று நான்காமவன் அரைமணி நேரம் பேசினான். மற்ற மூவரும் குறிப்பெடுத்தனர். அதனைக் கண்ட மகிழ்ச்சியை உங்களோடு பகிர்ந்துகொண்டு விடைபெறுகிறோம்.