கடற்கரையில் ஒரு வீடு

(நூற்றாண்டு நிறைவையொட்டிய பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இந்தோனேசியாவின் சிறிய கரையோரக் கிராமமொன்றில் வாழ்வது, முதலிடுவது, பயணம் செய்வது பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டார். வைத்தியருக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். பிள்ளைகள் தலையெடுத்த பின் கடலோரத்தில் சிறியதாக ஒரு வீடு இருந்தால் நல்லது என்ற ஆசை எங்களில் பலருக்கு வருகிறது. பாலியில் ‘வில்லா’ வாங்கலாமா என்று வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவிகள் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். விடுமுறைகளில் நான் பலமுறை தங்கிய ஆமெட் என்ற ஊரை வைத்தே பதில் சொல்கிறேன்.

ஆமெட் பாலித் தீவின் கிழக்குக் கரையில், காரங்காசெம் மாவட்டத்தில் இருக்கிறது. ஒரு கிராமத்தின் பெயராக இருந்தது, இன்று ஜெமெலுக், லிபா, பன்யுனிங் என்று அடுத்தடுத்து வரும் சிறு குடாக்கள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. தெற்கிலுள்ள விமான நிலையத்திலிருந்து வாகனத்தில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். முன்னால் கடல், பின்னால் மூவாயிரம் மீற்றருக்கு மேல் உயர்ந்த ஆகுங் எரிமலை. கரையில் கருமணலும் கூழாங்கல்லும்.

மழை குறைந்த பக்கம் என்பதால் பாலியின் படங்களில் வரும் பச்சை வயல் இங்கே இல்லை. மீனும் உப்புமே பிழைப்பு. இருள் பிரியுமுன் ‘ஜுக்குங்’ எனும் சிறு வள்ளங்கள் முக்கோணப் பாயுடன் புறப்படும். நீர்கொழும்புப் பாய்வள்ளத்துக்கு ஒரு பக்கம் மட்டும் மிதவை. இதற்கு இரு பக்கமும் உண்டு. உப்புச் செய்கிறவர்கள் கடல்நீரை மண்ணில் தெளித்துக் காயவிட்டு, அந்த மண்ணைக் கூம்பு வடிவக் கூடையில் இட்டு மறுபடியும் கடல்நீர் ஊற்றி வடிப்பார்கள். வடியும் செறிந்த நீரை, நெடுக்காகப் பிளந்து குடைந்த தென்னங்குற்றிகளில் ஊற்றி வெயிலில் வைப்பார்கள். சில நாட்களில் உப்புப் பூக்கும். அந்த உப்புக்கு இன்று புவிசார் குறியீடும் இருக்கிறது. ஆனால் உப்பு விளைந்த நிலத்திற் பெரும்பகுதியில் இப்போது விடுதிகள் நிற்கின்றன.

காரணம் கடலுக்கடியில் இருக்கிறது. 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கியின் தாக்குதலுக்குள்ளான ‘லிபேர்ட்டி’ என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல், அயலூரான துலாம்பெனில் கரையேற்றிக் கைவிடப்பட்டது. 1963 இல் ஆகுங் வெடித்தபோது ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வெடிப்பில் கப்பலும் கடலுக்குள் சரிந்தது. இன்று அது பவளம் படர்ந்து கிடக்கிறது. அதைப் பார்க்கச் சுழியோடிகள் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பணம் வந்தது. பணத்தோடு காணி விலையும் ஏறியது.

இனி உங்கள் சேமிப்பின் கதைக்கு வருவோம். இந்தோனேசியாவின் 1960 ஆம் ஆண்டு நிலச் சட்டத்தின்படி முழு உடைமை உரித்து அந்நாட்டுப் பிரசைகளுக்கு மட்டுமே உண்டு. இலங்கையும் 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டத்தால் வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைக் கட்டுப்படுத்தியிருப்பதால், இது எங்களுக்குப் புதினமல்ல. ஆனாலும் “உள்ளூர்க்காரர் ஒருவரின் பெயரில் உறுதி எழுதுவோம், பணம் உங்களுடையது, பின்னால் ஒரு தனி ஒப்பந்தம் போடுவோம்” என்று சொல்லும் தரகர்கள் இருக்கிறார்கள். அதே சட்டத்தின் 26 ஆம் பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? வெளிநாட்டவருக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ உடைமை போய்ச்சேரச் செய்யும் கைமாற்றம் செல்லாது. காணி அரசுக்குப் போகும். கொடுத்த பணத்தையும் திருப்பிக் கேட்க முடியாது. ஓய்வூதியப் பணத்தை அதில் போடுவது, மூடியில்லாத கிணற்றுக்குப் பக்கத்தில் குழந்தையை விட்டுவிட்டு வருவது போன்றது.

பெண்களாகிய நாங்கள் அறியவேண்டிய வழக்கொன்றும் உண்டு. வெளிநாட்டவரை மணந்த இந்தோனேசியப் பெண், திருமணத்துக்கு முன்பே சொத்துப் பிரிப்பு ஒப்பந்தம் செய்யாவிட்டால், தன் சொந்த நாட்டிலேயே அந்த உரித்தைப் பெற முடியாமலிருந்தது. ஜப்பானியரை மணந்த இக்கே ஃபரீதா இதை அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். திருமணத்துக்குப் பின்னரும் அவ்வாறான ஒப்பந்தம் செய்யலாம் என 2016 இல் தீர்ப்பு வந்தது. காணி விற்கக் கணவனின் கையொப்பம் தேடவைக்கும் தேசவழமையை அறிந்த எங்களுக்கு, அந்த அம்மையார் எதற்காக நின்றார் என்று விளங்கும். சொந்தப் பிரசையிடமே அவ்வளவு கண்டிப்பாயிருந்த சட்டம், அந்நியரின் குறுக்குவழியைக் கண்டும் காணாமல் விடும் என்று நம்பலாமா?

நேர்வழிகளும் இருக்கின்றன. வதிவிட அனுமதி உள்ளவர் பாவனை உரித்துப் பெறலாம். வெளிநாட்டு முதலீட்டுக் கம்பனி அமைக்கலாம். அதற்கு 10 பில்லியன் ரூபியாவுக்கு மேற்பட்ட முதலீட்டுத் திட்டம் காட்டவேண்டும். பெரும்பாலானோர் எடுப்பது 25 அல்லது 30 ஆண்டுக் குத்தகை. குத்தகைப் பணம் முழுவதையும் முன்கூட்டியே கேட்பது அங்கே வழக்கம். அதை ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். அது வாடகை, சொத்தல்ல. முடிவில் விற்க எதுவும் மிஞ்சாது. நீடிப்பின் விலையை எப்படிக் கணிப்பது என்பது உறுதியில் எழுதப்பட வேண்டும். சான்றிதழைக் காணி அலுவலகத்தில் சரிபாருங்கள். உயர்நீர்மட்டத்திலிருந்து 100 மீற்றர் கரையோர ஒதுக்கு என்ற விதி இருப்பதால், அலை காலை நனைக்கும் வீட்டைக் கண்டு மயங்க வேண்டாம். “அறைகள் எப்போதும் நிரம்பும்” என்பவரிடம், 2020 இலும் 2021 இலும் எத்தனை அறை நிரம்பியது என்று கேளுங்கள்.

வாழ்வதென்றால் முதலில் உடம்பைப் பற்றிச் சொல்லவேண்டும். மாரடைப்போ பக்கவாதமோ வந்தால் பெரிய வைத்தியசாலை டென்பசாரில். அது சில மணி நேரப் பாதை. இருதய நோயாளிகளும், இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர்களும் இந்தத் தூரத்தை நன்றாக யோசிக்கவேண்டும். பாலியில் 2008 முதல் விசர்நாய்க்கடி நோய் இருக்கிறது. மாதக்கணக்கில் தங்குவோர் முற்கூட்டியே தடுப்பூசி போடுங்கள். கடிபட்டால் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே வைத்தியரிடம் போங்கள். சுழியோடியவர்கள் குறைந்தது 18 மணி நேரம், பாதுகாப்புக்கு ஒரு முழுநாள், விமானம் ஏறக்கூடாது. மலைப்பாதையில் உயரம் ஏறுவதும் அப்படித்தான். ஸ்கூட்டர் ஓட்டும் அனுமதிப்பத்திரம் இல்லாவிட்டால் பயணக் காப்புறுதி கைவிரிக்கும். 2017 இல் ஆகுங் புகைந்தபோது விமான நிலையம் மூடப்பட்டு, ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். கடவுச்சீட்டும் மருந்தும் ஒரு பையில் ஆயத்தமாக இருக்கட்டும்.

பயணிகளுக்கு ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை வறண்ட காலம், கடலும் தெளிவு. 2024 பெப்ரவரி முதல் வெளிநாட்டுப் பயணிகள் 150,000 ரூபியா வரி செலுத்தவேண்டும். நியெப்பி என்ற மௌன நாளில் தீவு முழுவதும் அடங்கும், விமானமும் பறக்காது. அன்று விளக்கைத் தணித்து உள்ளே இருங்கள். ஊருக்கென்று வழமைச் சபையும் சட்டங்களும் உண்டு. கோயிற் பாதையில் எங்கே மதில் கட்டலாம், யார் எதற்குப் பங்கு கொடுப்பது என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். குத்தகை எழுதுமுன் அந்தப் பெரியவர்களைக் கண்டு கதைப்பது, நொத்தாரிசைக் காண்பதற்குச் சமம்.

அன்புச் சகோதரிகளே, ஆமெட்டை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. போங்கள், மூன்று மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள், ஒரு மழைக்காலத்தையும் பாருங்கள். ஊர்க்காரர் நடத்தும் விடுதியில் தங்குங்கள். உப்பைச் செய்தவரிடமே வாங்குங்கள். அந்தக் கரையில் எங்களுக்கு விருந்தாளி என்ற இடம் உண்டு. உடைமைக்காரர் என்ற இடம் இல்லை. காணியைப் பறிகொடுப்பது என்னவென்று எங்கள் தலைமுறைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறருடைய கரையில் கால் வைக்கும்போது அந்த நினைவு எங்களோடு இருக்கட்டும்.