மன்றம் இல்லாத நகரம்

வடலூர் 2021-இல் நகராட்சியாகத் தரம் உயர்ந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அங்கே வாக்காளர்கள் தங்கள் கவுன்சிலர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். சாதாரணக் கூட்டத்தில் அவர்கள் முடிவு செய்வது தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், வடிகால், குப்பை வண்டி, இவற்றுக்கான ஒப்பந்தப்புள்ளி. சின்ன விஷயங்கள்தான், ஆனால் அன்றாட வாழ்க்கை நடப்பதே இவற்றில்தான். பக்கத்திலுள்ள நெய்வேலி நகரியத்தில் 2011 கணக்கெடுப்பின்படி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் வாக்களிக்கும் அவர்களுக்குத் தெருவிளக்கைப் பற்றித் தீர்மானிக்க ஒரு மன்றம் இல்லை. அதைச் செய்வது பழுப்பு நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யின் நகர நிர்வாகம்.

நிலமும் வீடுகளும் நிறுவனத்தின் சொத்து, வரியில்லாமலே வசதிகள் கிடைக்கின்றன, பிறகு மன்றம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மரங்கள் அடர்ந்த அந்த அகலமான சாலைகள் பல நகராட்சிகளுக்குக் கனவு. அரசியல் சட்டத்தின் 243கியூ பிரிவும், ஆலை நிர்வாகமே சேவை தரும் பகுதியைத் தொழில் நகரியமாக அறிவித்து, நகராட்சி அமைக்காமல் விட இடம் தருகிறது. ஆனால் அங்கே வாழ்வோர் எல்லாரும் நிரந்தர ஊழியர்கள் அல்லர். கடை நடத்துபவர், ஒப்பந்தத் தொழிலாளி, ஊழியரின் குடும்பத்தார் ஆகியோரும் அதே தண்ணீரைக் குடிக்கிறார்கள். தொழிற்சங்கம் கூலியைப் பேசும், குப்பைத் தொட்டியைப் பற்றி யார் பேசுவது? நகராட்சி வேண்டாமென்றால், குடியிருப்போர் தேர்ந்தெடுக்கும் ஆலோசனைக் குழு ஒன்றை நிர்வாகம் மாதந்தோறும் கூட்டலாம், அதன் நடவடிக்கைக் குறிப்பை எல்லாரும் படிக்கும்படி ஒட்டலாம். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.