கேட்காமல் தீர்ப்பிடலாமா?

(பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பெற்றோர் கூட்டமென்றால் படிப்பின் அருமையைப் பேசிக் கலைவது நம் வழக்கம். இன்று அதை விட்டு, நம் வீடுகளில் கதவைச் சாத்திக் கொண்டு மட்டுமே பேசப்படும் ஒரு விஷயத்தை எடுத்துக் கொண்டிருக்கிறோம். காப்பி அடிக்காத பிள்ளையின்மேல் காப்பி அடித்ததாகப் பழி விழுந்தால், வீட்டிலுள்ள நாம் என்ன செய்ய வேண்டும்?

மாலை நாலரை மணிக்குப் பிள்ளை வருகிறாள். பையை மூலையில் போடுகிறாள். சாப்பிடக் கூப்பிட்டால் பசிக்கவில்லை என்கிறாள். நாலு தரம் கேட்டபின், "மிஸ் என் பேப்பரைப் பிடுங்கிட்டாங்கம்மா, நான் பிட் அடிச்சேனாம்" என்று அழுகிறாள். உடனே நம் வாயில் வருவது என்ன? "அடிப்பாவி! மானத்தை வாங்கிட்டியே!" முதுகில் ஓர் அறை வேறு. காலையில் பள்ளியில் ஒரு தீர்ப்பு, மாலையில் வீட்டில் இரண்டாவது தீர்ப்பு. இரண்டு இடத்திலும் அந்தக் குழந்தையை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

நமக்கு ஏன் அவ்வளவு அவசரம்? ஆசிரியர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற மரியாதை ஒன்று. அந்த மரியாதை நல்லதே. ஆனால் அதைவிடப் பெரிய காரணம், பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்ற பயம். கோட்டூர்புரத்தில் வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகளில் வாழ்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டுமா? ஒரு மாடிப்படியில் புறப்பட்ட செய்தி, பால் வாங்கப் போகும் நேரத்துக்குள் கடைசி பிளாக்கை எட்டி விடும்.

தானியேல் ஆகமத்தின் 13-ஆம் அதிகாரத்தில் சூசன்னாவின் வரலாற்றை நாம் அறிவோம். இரண்டு பெரியவர்கள் சாட்சி சொன்னார்கள். வயதானவர்கள், நீதிபதிகள் என்பதால் சபை நம்பிவிட்டது. மரண தண்டனையும் விதித்தாயிற்று. இளைஞனான தானியேல் செய்தது என்ன? இருவரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டாய் என்று கேட்டார். ஒருவர் ஒரு மரத்தைச் சொன்னார், மற்றவர் வேறொரு மரத்தைச் சொன்னார். ஒரே ஒரு கேள்விதான். மெரினாவில் கையில் சிலம்போடு நிற்கிறாளே கண்ணகி, அவளுடைய வழக்கும் இதுவே. பொற்கொல்லன் சொல்லை நம்பிய பாண்டியன், கோவலனைக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். உத்தரப் பிரதேசத்தில் 1954-ஆம் ஆண்டு இண்டர்மீடியட் தேர்வு எழுதிய மூன்று மாணவர்களுக்கு முதலில் தேர்ச்சி என்று முடிவு வந்தது. சில மாதங்கள் கழித்து, முறைகேடு செய்ததாகச் சொல்லித் தேர்வு வாரியம் அதை ரத்து செய்தது. அவர்களிடம் எந்த விளக்கமும் கேட்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1962-இல் தீர்ப்பு வந்தது: ஒரு மாணவனின் எதிர்காலத்தையே பாதிக்கக்கூடிய இப்படிப்பட்ட முடிவை எடுக்கும் குழு, அவன் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்தே தீர வேண்டும். கவனியுங்கள்: அந்த மாணவர்கள் குற்றமற்றவர்கள் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. கேட்காமல் தண்டித்தது தவறு என்று சொன்னது. அதே உத்தரப் பிரதேச வாரியம் சம்பந்தப்பட்ட இன்னொரு வழக்கில், இரண்டு விடைத்தாள்களில் தவறுகள்கூட ஒன்றுபோல் இருந்தன. அங்கே மாணவனுக்கு வாய்ப்புக் கொடுத்து விசாரித்திருந்தார்கள். அவனால் தக்க விளக்கம் தர முடியவில்லை. ஆகவே வாரியத்தின் முடிவில் நீதிமன்றம் தலையிடவில்லை. விசாரணை என்பது பிள்ளைக்குச் சலுகை அல்ல என்பது இதிலிருந்தே புரியும்.

விடைகள் ஒன்றுபோல் இருந்தால் மட்டும் காப்பி என்று முடிவு கட்டலாமா? அமெரிக்காவில் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் பகுதியிலுள்ள கார்ஃபீல்டு பள்ளியைப் பாருங்கள். மெக்சிகோ வழிவந்த ஏழைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் படித்த பள்ளி. பொலிவியாவிலிருந்து குடியேறிய ஹைமே எஸ்கலாந்தே என்ற கணக்கு ஆசிரியர், பள்ளி நேரத்துக்கு முன்னும் பின்னும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். 1982-இல் கல்லூரித் தரத்து கால்குலஸ் தேர்வை 18 பேர் எழுதினார்கள். 18 பேரும் தேறினார்கள். தேர்வு நடத்திய நிறுவனம் 14 பேர்மேல் சந்தேகப்பட்டது. விடைகள் ஒத்திருக்கின்றன என்றது. ஒரே ஆசிரியரிடம், ஒரே முறையில் படித்தவர்களின் கணக்கு வேறு எப்படி இருக்கும்? அந்தப் பிள்ளைகளுக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. ஆயினும் 12 பேர் மறுபடி எழுத ஒப்புக் கொண்டு, அந்த ஆகஸ்டு மாதமே வேறு வினாத்தாளை எழுதினார்கள். 12 பேரும் தேறினார்கள். 1988-இல் இது திரைப்படமாகவும் வந்தது. குடிசையிலிருந்தோ குடியிருப்பிலிருந்தோ வரும் பிள்ளை திடீரென்று தொண்ணூறு வாங்கினால் புருவம் உயர்வது அங்கே மட்டுந்தானா? நம் ஊரிலும் உண்டு. அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தை விரித்து வைத்து நாளெல்லாம் படிக்கும் பிள்ளையை, மதிப்பெண் போடுகிறவர் பார்ப்பதில்லையே!

ஆகவே முதல் வேலை, பிள்ளையை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துக் கேட்பது. "நடந்ததைச் சொல்லு கண்ணு, திட்டமாட்டேன்" என்று கேளுங்கள். உண்மையிலேயே காப்பி அடித்திருந்தாலும் அப்போதுதான் அதுவும் வெளிவரும். பிறகு அன்றிரவே அவள் கையெழுத்திலேயே எழுத வைக்க வேண்டும்: எந்த பெஞ்சு, பக்கத்தில் யார், எந்தக் கேள்வி எழுதும்போது பிடித்தார்கள், கீழே கிடந்ததாகச் சொல்லும் தாளில் யாருடைய எழுத்து. இரண்டு நாள் போனால் அவளுக்கே குழம்பும். ரஃப் நோட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

மறுநாள் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து போவது நல்லது. வாசலிலே நின்று சத்தம் போடுவதால் பிள்ளைக்குத்தான் கஷ்டம். தலைமை ஆசிரியரிடம், "எங்க பொண்ணு மேல என்ன குற்றம்னு எழுத்துல கொடுங்க, விடைத்தாளையும் அந்தப் பிட்டையும் நாங்க பார்க்கணும், வேணும்னா அதே மாதிரி கணக்கை இப்பவே உங்க முன்னால போடச் சொல்லுங்க" என்று அமைதியாகக் கேட்கலாம். அநேகப் பிரச்சினைகள் அந்தக் கரும்பலகை முன்னாலேயே தீர்ந்துவிடும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம். "ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்திடுங்க, விஷயம் முடிஞ்சிடும்" என்பார்கள். செய்யாத பிள்ளையை அதில் கையெழுத்துப் போட வைக்காதீர்கள். விஷயம் முடியாது; அந்தக் கடிதம் கோப்பில் இருக்கும், பிள்ளையின் மனத்திலும் இருக்கும். பொதுத் தேர்வு அறையில் வாக்குமூலம் கேட்டாலும், படித்துப் பார்த்து, நடந்ததை மட்டும் தன் வார்த்தையில் எழுதப் பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லி வையுங்கள். அடிப்பதும், வகுப்பில் நிறுத்தி அவமானப்படுத்துவதும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் தடை செய்யப்பட்டவை என்பதும் தெரிந்திருக்கட்டும்.

இன்னொன்று, சொல்லவே மனம் வலிக்கிறது. இப்படிப்பட்ட பழிச்சொல்லைத் தாங்காமல் உயிரை விட்ட பிள்ளைகளைப் பற்றி நாம் செய்தித்தாளில் படித்திருக்கிறோம். ஆகவே அந்த இரவு பிள்ளையைத் தனியே விடாதீர்கள். பாட்டியோ அக்காவோ பக்கத்தில் படுத்துக் கொள்ளட்டும். நம்மிடம் பேசாவிட்டால் அத்தையிடமாவது பேசட்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எந்த நேரத்திலும் கூப்பிடலாம்.

இங்கே வந்திருக்கும் ஆசிரியர்களிடமும் ஒரு விண்ணப்பம். ஐம்பது பிள்ளைகளை ஒருவராகப் பார்ப்பது எவ்வளவு சிரமமென்று நாங்கள் அறிவோம். சந்தேகப்படுவதும் உங்கள் கடமையே. ஆனால் சந்தேகத்தைத் தனியே கூப்பிட்டுக் கேளுங்கள். அப்படியும் வகுப்பின் முன்னால் சொல்லிவிட்டு, பிறகு அது தவறென்று தெரிந்தால், ஆசிரியர் அறையில் பெற்றோரிடம் மட்டும் "சாரி" சொல்வது போதாது. சொன்ன இடம் வகுப்பு. கேட்டவர்கள் அந்த ஐம்பது பேர். அதே வகுப்பில், அதே ஐம்பது பேர் முன்னால், "இவள் காப்பி அடிக்கவில்லை" என்று சொல்லுங்கள். பெற்றோரும் இதைக் கேட்டு வாங்கத் தயங்க வேண்டாம்.