நேர்முகப் பரீட்சையும் கணித மாணவனும்

(புதுக்கடையில் நடந்த இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



கணிதத்தில் பட்டம் பெற்று மேற்படிப்புக்கு விண்ணப்பித்திருக்கும் நம் அங்கத்தவர் சிலர், நேர்முகப் பரீட்சைக்கு எப்படி ஆயத்தஞ் செய்வது என்று என்னைக் கேட்டார்கள். அதில் ஒருமுறை தோற்றவன் என்ற தகுதியோடு பேசுகிறேன்.

நான் போன இடத்தின் பெயர் வேண்டாம். மூடிய ஆயிடையில் தொடர்ச்சியான சார்பு தன் உச்சப் பெறுமானத்தை அடையும் என்ற தேற்றத்தைக் கேட்டார்கள். நிறுவலை மூச்சுவிடாமல் ஒப்புவித்தேன். “முனைகள் இரண்டையும் விட்டுவிட்டால்?” என்றார் ஒருவர். வாயடைத்துப் போனேன். “பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடையிலுள்ள எண்களால் ஒன்றை வகுத்துப் பாரும்” என்று அவரே வழியுங் காட்டினார். அரையால் வகுத்தால் 2, நூறிலொன்றால் வகுத்தால் 100, உச்சம் எங்கே? சிறுபிள்ளைக் கணக்கு. நானோ அதைப் பொறியென்று எண்ணி மௌனமாயிருந்து, வெறுங்கையோடு வீடு திரும்பினேன்.

நீதிமன்றங்கள் சூழ்ந்த இந்தப் புதுக்கடையில் வளர்ந்தவன் நான். அப்புக்காத்து குறுக்குக் கேள்வி கேட்டால் சாட்சிக்காரன் நாவைக் காத்துக்கொள்ள வேண்டும். இதுவே நான் கண்டது. கணிதப் பேராசிரியர் கேட்பது அப்படியன்று. விடை தெரியாத இடத்தில் மாணவன் என்ன செய்கிறான் என்பதையே அவர் பார்க்கிறார். ஆராய்ச்சி முழுவதும் அந்த இடத்தில்தானே நடக்கிறது! அவர் நீட்டுவது ஊன்றுகோல். பிடித்துக்கொண்டு வாய்விட்டு யோசியுங்கள்.

இராமானுஜனை நினைத்துப் பாருங்கள். எஃப்.ஏ. பரீட்சையில் தவறியவர். 1910ஆம் ஆண்டின் இறுதியில், நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போனார். கணிதப் பிரியரான ராவுக்கும் முதலில் அது மெய்யா பிதற்றலா என்று விளங்கவில்லை. மறுபடி வரச் சொன்னார். மறுமுறை இராமானுஜன் செய்ததுதான் நமக்குப் பாடம். கேட்பவரின் அளவை அறிந்து, எளிய முடிவுகளை முதலிற் காட்டினார். பிறகு படிப்படியாக நீள்வளையத் தொகையீடுகள், விரிதொடர்கள் என்று மேலே அழைத்துச் சென்றார். ராவ் மனம் மாறினார், மாதந்தோறும் உதவலானார். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபா ஆராய்ச்சிச் சம்பளம் வழங்கியது.

ஆகவே முழுப் பாடத்திட்டத்தையும் தலையில் ஏற்றாதீர்கள். நன்கறிந்த இரண்டு பகுதிகளை எடுங்கள். ஒவ்வொரு தேற்றத்திலும் ஒரு நிபந்தனையை நீக்கி, எங்கே அது உடைகிறதென்று உதாரணம் தேடுங்கள். “தெரியாது, இப்படித் தொடங்கிப் பார்க்கிறேன்” என்று சொல்லப் பழகுங்கள். தமிழிற் படித்தவர்கள் வரைவிலக்கணங்களை ஆங்கிலத்திலும் உரக்கச் சொல்லிப் பார்க்கட்டும். அங்கே தடக்குவது கணிதமன்று, நாக்கு.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பிள்ளை திரும்பி வந்ததும் “கிடைத்ததா?” என்று வாசலிலேயே கேளாதீர்கள். என் தகப்பனார் கேட்டார். ஒரு வருஷம் நான் கணிதப் புத்தகத்தைத் தொடவில்லை.

நமது மண்டபத்தின் பின்னறையிலே கரும்பலகை ஒன்று சும்மா கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு அங்கே இருப்பேன். விண்ணப்பித்தவர்கள் வாருங்கள்; கேள்வி கேட்க மற்றவர்களும் வாருங்கள். வெண்கட்டி என் செலவு.