பிரட்டுக் களத்து ஆங்கிலம்



வேலை பற்றிய ஆங்கிலச் சொற்களைக் குறித்துப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். ஆங்கிலம் தெரிந்தால் வேலை கிடைக்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். வேலை கொடுத்தவர்கள் நமக்கு எந்த ஆங்கிலத்தைக் கொடுத்தார்கள், எதைத் தங்கள் மேசையிலேயே வைத்துக்கொண்டார்கள் என்பதைத்தான் நான் பேச வந்தேன்.

1896-ஆம் ஆண்டு, இதே மலாக்காவில், புக்கிட் லிந்தாங்கில், டான் சே யான் என்ற சீனர் ரப்பர் கன்றுகளை நட்டார். மலாயாவில் வியாபாரத்துக்கென்று போட்ட முதல் ரப்பர் தோட்டம் அது. அடுத்து புக்கிட் அசகானில் இன்னும் பெரிதாகத் தொடங்கினார். பால்மரம் பெருகப் பெருக ஆள் தேவைப்பட்டது. கங்காணிமார் கப்பலேறித் திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆற்காட்டுக் கிராமங்களுக்குப் போய் ஆள் கட்டினார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் கங்காணியின் வாய்வார்த்தையை நம்பி வந்தவர்கள். வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான் என்று வாழ்ந்த சனங்கள் அவர்கள்.

இங்கே வந்ததும் புதுச் சொற்கள் காதில் விழுந்தன. விடியுமுன் பிரட்டுக் களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். பரேடு என்ற ஆங்கிலம்தான் நம் நாக்கில் பிரட்டானது. குடியிருந்த லைன் லயமானது. செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் ஏறினால்தான் அன்றைய சம்பளம். மலாய்க்காரரிடமிருந்து ரப்பருக்குக் கித்தாவும் பால் கிண்ணத்துக்கு மங்கும் வந்தன. போர்த்துக்கீசியர் விட்டுப்போன ஒரு சொல் மலாய் வழியாக, வேலையை மேற்பார்ப்பவருக்கு மண்டோர் என்று வந்து நின்றது. கைப்பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, நிரையில் பாலுக்கு மரம் வெட்டி, காண்டாக் கம்பில் பால்வாளியைச் சுமந்து வந்த நம் தாய்மார்கள், மூன்று நான்கு மொழிகளின் வேலைச் சொற்களைப் பள்ளிக்கூட வாசலை மிதிக்காமலே கற்றுக்கொண்டார்கள். இதைவிடப் பெரிய மொழித்திறன் எனக்குத் தெரியாது. தோட்டத்துத் தமிழ் கொச்சை என்று யாராவது சொன்னால் எனக்கு வலிக்கிறது.

ஆனால் அந்தச் சொற்களைக் கூர்ந்து பாருங்கள். நில், வா, எண்ணு, சுமந்து வா, இங்கே படு. களத்துக்கு இறங்கி வந்த ஆங்கிலம் முழுக்கக் கட்டளையும் கணக்கும்தான். அக்ரிமெண்ட், நோட்டீஸ், காம்பன்சேஷன் போன்ற சொற்கள் ஆபீசு படியைத் தாண்டி இறங்கவில்லை. கடிதம் வந்தால் ஆபீசு எழுத்தரான கிராணி படித்துச் சொல்ல வேண்டும். நல்ல கிராணிமார் இருந்தார்கள். இல்லையென்று சொன்னால் பாவம். ஆனாலும் தன் பிழைப்பைப் பற்றிய தாளை அடுத்தவர் கண்ணால் படித்த தலைமுறை அது.

கூலி என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது செய்த வேலைக்கு வாங்கும் பணம். ஆங்கிலத்தில் அது ஆளுக்கே பெயராகிவிட்டது. அந்தச் சொல் குஜராத்தின் கோலி மக்களின் பெயரிலிருந்து போனது என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. எங்கிருந்து போயிருந்தாலும், அது திரும்பி வந்து விழுந்தது நம் தலையில்தான்.

எழுத்தைக் கேட்டுப் பெற்றவர்களும் நம்மிடம் இருந்தார்கள். 1954-இல் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் உருவாகி, பி.பி. நாராயணன் போன்றவர்கள் முதலாளிமாரோடு எதிரெதிரே உட்கார்ந்து பேசி, ஒப்பந்தங்களை எழுத்தில் வாங்கினார்கள். 1967-இல் அசகான் தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் கோரிக்கையை எடுத்துக்கொண்டு கோலாலம்பூரை நோக்கி நடந்தார்கள். நியாயம் கேட்க ஆங்கிலம் தேவையில்லை. கேட்டுப் பெற்றது தாளில் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்கத்தான் அது தேவை.

இன்று தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போய்விட்டன. நம் பிள்ளைகள் ஆயர் குரோவிலும் பத்து பெரெண்டாமிலும் தொழிற்சாலைக்குப் போகிறார்கள். அங்கே கட்டளை ஆங்கிலம் அவர்களுக்கு நன்றாகப் புரிகிறது. ஷிஃப்ட், டார்கெட், ஓவர்டைம் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. தாளில் வருகிற ஆங்கிலம்தான் இன்னமும் காலை வாரிவிடுகிறது. "வீ ஹேவ் டு லெட் யூ கோ" என்று அன்பாகச் சொல்வார்கள். வேலை போய்விட்டது என்பதுதான் பொருள். "எக்ஸ் கிரேஷியா" என்று ஒரு தொகை கொடுத்தால், உனக்கு இதில் உரிமை இல்லை, நாங்களாகப் பார்த்துக் கொடுக்கிறோம் என்று அர்த்தம். "ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மெண்ட்" என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போடுகிறவர், இனி எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை என்று எழுதிக்கொடுக்கிறார். வி.எஸ்.எஸ். என்ற விருப்ப விலகல் திட்டத் தாளில் கையெழுத்துப் போட்டால், நானாக விரும்பிப் போகிறேன் என்று சொன்னதாகும். "ஐ கிவ் யூ மை வோர்ட்" என்று மேலதிகாரி தோளில் தட்டிச் சொல்லலாம். பிறகு வழக்கென்று வந்தால், எழுத்தில் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார்கள்.

பரீட்சைக்கு இடியம்ஸ் என்று நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிற பட்டியலில், மழை பெய்தால் பூனையும் நாயும் விழுகின்றன. நான் இப்போது சொன்ன சொற்களில் ஒன்றுகூட இல்லை. இது எனக்கு ஆறாத வருத்தம்.

நமக்கு உரியதைச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது. நம் நாட்டின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம், ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்குப் போடும் வேலை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. ஒப்பந்தத்தில் வேறு ஏதும் சொல்லாவிட்டால், இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 4 வாரம், ஐந்து வருடத்துக்குள் 6 வாரம், அதற்கு மேல் 8 வாரம் நோட்டீஸ். ஆட்குறைப்பு என்றால், 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரு வருடமாவது வேலை செய்தவருக்கு நஷ்டஈடும் உண்டு: சேவைக் காலத்தைப் பொறுத்து, வருடத்துக்கு 10, 15 அல்லது 20 நாள் சம்பளம். 4, 6, 8. 10, 15, 20. தம்பிகளா, தங்கைகளா, இந்த ஆறு எண்களை இன்றே போனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஐந்தாம் படிவம் முடித்து வேலைக்குக் கிளம்பும் பிள்ளைகளை, ஒரு சனிக்கிழமை காலை, அவர்கள் படித்த தமிழ்ப்பள்ளிக்கே திரும்ப அழையுங்கள். உண்மையான வேலைக் கடிதம் ஒன்றைப் பலகையில் போட்டு, வரி வரியாகத் தமிழில் விளக்குங்கள். தோட்டத்தில் பிறந்து வழக்கறிஞர் ஆனவர்கள் இந்த மாநிலத்தில் இருக்கிறார்கள். கேட்டால் வருவார்கள், நான் கேட்டு அழைத்து வருகிறேன். பெற்றோர்களே, கையெழுத்துப் போடச் சொல்லி வீட்டுக்கு வரும் எந்தத் தாளையும் அன்றிரவே போட்டுவிடாதீர்கள். இரண்டு நாள் தவணை கேளுங்கள், ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நகலோடு சம்பளச் சீட்டையும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து படிப்போம்.