கொக்கோவின் கதையும் வாசித்துணரும் பயிற்சியும்

(வெள்ளானூர் மாலை வகுப்பு ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் பயிலும் நம் பிள்ளைகள் பாடத்தை உரக்கப் படிக்கின்றனர். பெரும்பாலும் பிழையின்றியே படிக்கின்றனர். புத்தகத்தை மூடச் சொல்லி, “இதில் கண்டது யாது?” என்று வினவினாலோ வாய் திறவார். வினாவிலுள்ள சொல் எந்த வரியில் இருக்கிறதோ அவ்வரியைப் பெயர்த்தெழுதி மதிப்பெண் பெறும் பழக்கம் அவர்களிடம் ஊறிப்போயிருக்கிறது. இப்பழக்கத்தை உடைக்கவே சாக்லேட்டின் வரலாற்றை வாசிப்புப் பாடமாக்கினோம். கூழுக்கு வழி தேடும் வீட்டில் சாக்லேட்டுக் கதை எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. நாவூறும் பொருளைப் பற்றியதாயின் கடினமான சொல்லையும் பிள்ளை பொறுத்துக்கொள்ளும் என்பதே எமது விடை.

முதல் தடை சொல்லிலேயே இருக்கிறது. நம் தெருக் கடைகளில் தாள் சுற்றி விற்கும் மிட்டாய் யாவும் ‘சாக்லேட்’ தான். சர்க்கரைப் பாகில் செய்தது மிட்டாய், கொக்கோ விதையை அரைத்துச் செய்தது சாக்லேட் என்ற வேறுபாட்டை முதலில் நிறுத்தவேண்டும். ஒரு சொல் ஊரில் ஒரு பொருளிலும் ஏட்டில் வேறொரு பொருளிலும் வழங்கலாம் என்பதை இதைவிட எளிதாக உணர்த்த முடியாது.

1519-இல் ஸ்பானியர் மெக்சிகோவில் இறங்கியபோது, அங்கிருந்த அஸ்டெக் மக்கள் கொக்கோ விதையைக் கல்லில் அரைத்து, மிளகாய் சேர்த்துக் கசப்பான பானமாக அருந்தினர். (அந்த அரைக்கும் கல்லின் படத்தைக் கண்டால் நம் பிள்ளைகள் ‘அம்மி’ என்று கூவாமல் இரார். நம் அம்மிக்கு மிளகாய் வந்ததும் அந்த அமெரிக்கக் கண்டத்திலிருந்துதான்.) அதே விதை அங்காடியில் நாணயமாகவும் செலாவணியாயிற்று. விதையின் உள்ளீட்டை நீக்கி மண் அடைத்துக் கள்ள நாணயம் செய்தோரும் இருந்தனர். இவ்வளவுதான் பாடத்தில் உள்ளது. இனி வினா: “அப்பானத்தை நாள்தோறும் அருந்தியிருக்கக் கூடியவர் யார்?” விடை எந்த வரியிலும் இல்லை. காசையே கரைத்துக் குடிப்பவன் செல்வனாகத்தான் இருக்கவேண்டும் என்று பிள்ளை தானே கூட்டிப் பார்க்கவேண்டும். பெயர்த்தெழுதும் பழக்கம் இவ்விடத்தில் செல்லாது.

வரிசைப்படுத்தும் பயிற்சிக்குக் கொக்கோ பதப்படும் முறை ஏற்றது. காயை உடைத்துச் சதையோடு விதைகளைக் குவித்து ஐந்தாறு நாள் புளிக்க வைப்பர். பிறகு வெயிலில் உலர்த்தி, வறுத்து, தோல் நீக்கி அரைப்பர். வாக்கியங்களைத் தனித்தனித் துண்டுகளில் எழுதிக் கலைத்துக் கொடுங்கள். புளித்தல் ஏன் முதலில் வருகிறது என்பதை இட்லி மாவு அறிந்த பிள்ளைக்கு நீண்ட விளக்கமின்றியே சொல்லிவிடலாம்.

நம் நாட்டுச் செய்தியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1798-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் கொக்கோவைக் குற்றாலத்தில் நட்டனர். 1965 முதல் காட்பரி நிறுவனம் வயநாட்டில் அதன் சாகுபடியைத் தொடங்கியது. இன்று பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக விளைகிறது.

இப்போது நாம் மிக முக்கியமாகக் கருதும் பகுதிக்கு வருகிறோம். “காய்கள் பறிக்கப்பட்டன, விதைகள் உலர்த்தப்பட்டன, மூட்டைகள் ஏற்றப்பட்டன” என்று பாடநூல்கள் எழுதும். பறித்தவர் யார்? உலர்த்தியவர் யார்? ‘பட்டன’ என்று முடியும் ஒவ்வொரு வாக்கியத்தின் கீழும் கோடிட்டு, “யாரால்?” என்று எழுதும்படி பிள்ளைகளிடம் சொல்கிறோம். செம்பரம்பாக்கம் ஏரியின் கரை உயர்த்தப்பட்டது என்று படித்தாலும் இதே வினாதான். மண் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் கேட்கத் தயங்கலாகாது.

கொக்கோவில் இவ்வினாவுக்குப் பதிவான விடை உண்டு. ஆப்பிரிக்காவை அடுத்துள்ளதும் அன்று போர்த்துகீசியர் ஆட்சியில் இருந்ததுமான சான் தொமே தீவில், அங்கோலாவிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்கள் கொக்கோத் தோட்டங்களில் உழைத்தனர். ஏட்டில் அவர்கள் ஒப்பந்தக் கூலிகள், நடப்பில் அடிமைகள். ஹென்றி நெவின்சன் என்ற பத்திரிகையாளர் நேரில் சென்று கண்டு 1906-இல் நூலாக வெளியிட்டார். அத்தீவின் கொக்கோவை வாங்கிவந்த காட்பரி நிறுவனத்தார் 1901-லேயே இதைக் கேள்வியுற்றிருந்தும், 1909-இல்தான் வாங்குவதை நிறுத்தினர். இடைப்பட்ட காலத்தில் லண்டன் நாளேடொன்று அவர்களைக் கண்டித்தது. அவர்கள் அவதூறு வழக்குத் தொடுத்தனர். 1909 டிசம்பரில் தீர்ப்பு அவர்கள் பக்கம் ஆயிற்று. வழங்கப்பெற்ற இழப்பீடு ஒரு ஃபார்த்திங், அதாவது கால் பென்னி.

வென்றவனுக்குக் கால் பென்னி கொடுத்த ஜூரிகளின் மனத்தில் என்ன இருந்தது? எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை இது பற்றி அரைமணி நேரம் வாதாட விடலாம். இரு பக்கமும் பேசட்டும். ஆனால் ஒவ்வொருவரும் தம் கருத்துக்குப் பாடத்திலிருந்து ஒரு வரியைக் காட்டவேண்டும். “1909-க்குப் பிறகு அத்தொழிலாளர் விடுதலை பெற்றனரா?” என்ற வினாவையும் போடுங்கள். வாங்குவது நின்றது என்று மட்டுமே பாடம் கூறுகிறது. ஆகவே “பாடத்தில் இல்லை” என்பதே சரியான விடை. அவ்வாறு எழுதும் பிள்ளைக்கு முழு மதிப்பெண் கொடுக்கத் தயங்காதீர்கள். கருணை மிகுந்து தொழிலாளரையெல்லாம் தாமே விடுவித்துவிடும் பிள்ளைகள் பலர் உண்டு!

ஒப்பிட்டு வாசிக்க இரண்டாவது பகுதி ஒன்று வேண்டும். 1860-இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘துரூரோ’ என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்றது. கரும்புத் தோட்ட வேலைக்குச் சென்ற நம்மவர் அவர்கள். ‘ஒப்பந்தம்’ என்ற சொல் இரு பகுதிகளிலும் வருகிறது. இரண்டு இடத்திலும் அது ஒரே பொருள் தருகிறதா என்பதே வினா. கடினமானதுதான், ஏழாம் வகுப்புக்குக் கீழே கொடுக்கவேண்டா.

நடைமுறை பற்றிச் சில சொற்கள். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு வரிக்கு மேல் வேண்டா. முதல் வாசிப்பு மௌனமாக நடக்கட்டும். உரக்கப் படிப்பது அதற்குப் பிறகு. விடையைத் தம் சொந்தச் சொல்லில் முதலில் வாயால் சொல்லவைத்து, பின்னரே எழுதச் சொல்லுங்கள். பிள்ளை பேச்சுத் தமிழில் சொன்னால் குறுக்கிடாதீர்கள். சாக்லேட் வாங்கித் தரவேண்டுமா என்று ஓர் இளைஞர் கேட்டார். கடைசி நாளில் ஆளுக்கொரு துண்டு போதும். முதல் நாளே கொடுத்தால் பாடம் நடவாது. வாசிப்புப் பகுதிகளையும் வினாக்களையும் எழுதிய ஏடு படிப்பகத்தில் இருக்கிறது; மாலை வகுப்பு ஆசிரியர்கள் அதனைப் படியெடுத்துக்கொண்டு மீண்டும் அங்கேயே வைத்துவிட வேண்டுகிறோம்.